முத்திரை குத்த வேண்டிய படம் வேறு

இளம் பெண்கள் தம் உடம்பை வெறுப்பதற்கு ஃபாஷன் சஞ்சிகைகளின் அட்டைகளும் சுப்பர்மொடல்களும் பாரிஸ், மிலான் மேடைகளுமே காரணம் என்று நோர்வேயில் தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று. பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களில் இதைக் கேட்கிறேன். தொலைக்காட்சி விவாதங்களில் கட்சி வேறுபாடில்லாமல் சொல்கிறார்கள். எங்கள் தமிழ் வீடுகளிலும் இதே கதைதான். பிள்ளை சோற்றைத் தள்ளி வைத்தால், "உந்தப் புத்தகங்களைப் பாத்துப் பாத்துத்தான் இவள் இப்பிடி ஆயிட்டாள்" என்று அம்மாமார் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்புக்குச் சட்ட வடிவமும் கிடைத்துவிட்டது. 2021 யூன் மாதத்தில் நோர்வே பாராளுமன்றம் 72க்கு 15 என்ற வாக்குகளால் சந்தைப்படுத்தல் சட்டத்தைத் திருத்தியது. 2022 யூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விளம்பரப் படமொன்றில் மனித உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ மாற்றியிருந்தால், படத்தில் உள்ளவர் திருத்தப்பட்டவர் என்று சொல்லும் அரசாங்க முத்திரையைப் படத்தின் மேலேயே பதிக்க வேண்டும். படப் பரப்பில் ஏறத்தாழ 7 சதவீதத்தை அது பிடிக்கும். விளம்பரம் கொடுப்பவருக்கும் அதைத் தயாரிப்பவருக்கும் பொறுப்பு உண்டு. பணம் வாங்கிக்கொண்டு இன்ஸ்டகிராமில் பொருட்களைப் புகழ்பவர்களுக்கும் விலக்கில்லை. நுகர்வோர் அதிகார சபை இதைக் கண்காணிக்கிறது. உலகமெங்கும் பத்திரிகைகள் நோர்வேயைப் பாராட்டி எழுதின.

எனக்கு இந்தப் பாராட்டில் உடன்பாடில்லை. பதின்ம வயதிலிருந்து ஃபாஷன் சஞ்சிகைகளைச் சேர்த்து வைப்பவள் நான். எந்த மேடையில் யார் எந்த உடுப்போடு நடந்தார் என்பதை மற்றவர்கள் கிரிக்கெட் ஓட்டங்களை நினைவு வைத்திருப்பதைப் போல நினைவில் வைத்திருப்பவள். ஆகவே இந்த வழக்கில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு. ஆனால் நான் ஒரு கறுத்த தமிழ்ப் பெண்ணும்கூட. உடம்பை வெறுக்கக் கற்றுக் கொடுக்கப்பட்டவள். யார் கற்றுக் கொடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் பாரிஸில் இருக்கவில்லை.

முதலில் முத்திரையை எடுத்துக்கொள்வோம். எச்சரிக்கை வாசகம் பார்ப்பவரைக் காப்பாற்றும் என்பது கேட்க நல்ல கருத்து. அவுஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மரிக்கா டிகெமனும் அவரோடு பணியாற்றியவர்களும் பல ஆண்டுகளாக இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். படம் திருத்தப்பட்டது என்ற குறிப்பு, பார்த்த பெண்களுக்குத் தம் உடல் மீதிருந்த மனக்குறையைக் குறைக்கவில்லை என்பதே அவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த விடை. இன்னுமொன்றையும் கண்டார்கள். எந்த உறுப்பு திருத்தப்பட்டது என்று குறிப்பாக எழுதினால், பார்ப்பவரின் கண் அந்த உறுப்பிலேயே போய் நிற்கிறது. நோர்வே சட்டத்தைக் கொண்டுவந்தபோது இந்த ஆய்வுகள் வெளியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரான்ஸ் 2017 ஒக்டோபரிலேயே இப்படியொரு குறிப்பைக் கட்டாயமாக்கியிருந்தது. இஸ்ரேல் அதற்கும் முன்பு. குறிப்பு வந்ததால் அங்கே பெண் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் மகிழ்ச்சியாக நிற்கத் தொடங்கினார்கள் என்று யாரும் காட்டவில்லை.

சட்டம் எதைத் தொடுகிறது, எதை விட்டுவிடுகிறது என்றும் பாருங்கள். படத்தைத் திருத்தினால் முத்திரை உண்டு. அந்த உடம்பையே கத்தியாலும் ஊசியாலும் திருத்திக்கொண்டு வந்து நின்றால் முத்திரை கிடையாது. சஞ்சிகைகள் தம் ஆசிரியர் பொறுப்பில் வெளியிடும் படங்கள் இதற்குள் வராது. ஆக, அட்டைப்படங்கள்தான் குற்றவாளி என்று வாதாடியவர்கள் பெற்ற சட்டம், சஞ்சிகைகளின் சொந்தப் படங்களில் கை வைக்கவே இல்லை. பிரித்தானிய வோக்கின் 2022 செப்டெம்பர் இதழ் அட்டைக்காக சுப்பர்மொடல் லிண்டா எவஞ்சலிஸ்டாவை ஸ்டீவன் மைசல் படம் எடுத்தார். கொழுப்பை உறையவைத்துக் குறைக்கும் சிகிச்சையொன்று தன்னை உருக்குலைத்துவிட்டது என்று அதற்கு முந்திய ஆண்டு வெளிப்படையாகச் சொன்னவர் லிண்டா. அந்த அட்டைக்காகத் தன் முகத்தையும் கழுத்தையும் பட்டிகளாலும் இழுவைகளாலும் பின்னே இழுத்துக் கட்டியிருந்ததையும் அவரே அதே இதழில் சொன்னார். தன் முகத்தின் கதையைத் தானே சொன்ன அந்தப் பெண்ணின் நேர்மை, எந்த அரசாங்க முத்திரையை விடவும் எனக்குப் பெரிது.

விளம்பரப் பொய்யை நான் ஆதரிக்கவில்லை. முகக் கிரீம் விற்பவர் கணினியில் சுருக்கங்களை அழித்துவிட்டு, இது எங்கள் கிரீமின் வேலை என்று காட்டினால் அது மோசடி. 2011இல் பிரித்தானியாவின் விளம்பரத் தர அமைப்பு லங்கோம் நிறுவனத்தின் ஜூலியா றொபேர்ட்ஸ் படத்தையும் மேபலின் நிறுவனத்தின் கிறிஸ்டி டேர்லிங்டன் படத்தையும் இந்தக் காரணத்துக்காகவே தடை செய்தது. சரியான செயல். பூசினால் இப்படி ஆவாய் என்று வாக்குக் கொடுத்து, அந்த வாக்கைப் பொய்யாக்கிய படங்கள் அவை. முத்திரை ஒட்டி அவற்றை ஓடவிடக் கூடாது, எடுத்தெறிய வேண்டும். ஆனால் கிரீம் விளம்பரமும் ஒரு மேலங்கியின் படமும் ஒரே வகை அல்ல. மேலங்கி யாரையும் இளமையாக்குவதாக வாக்குக் கொடுப்பதில்லை. அது கோடு, நிழல், துணியின் விழுகை ஆகியவற்றால் ஒரு மனநிலையைக் கட்டுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் இந்தச் சட்டத்தின் முதற் பிழை.

ஃபாஷன் படம் சாட்சிப் படம் அல்ல. ஒருவர் வடிவமைத்து, ஒருவர் தைத்து, ஒருவர் ஒளியமைத்து, ஒருவர் நிற்கத் தெரிந்து நின்று, கூடி உருவாக்கும் படைப்பு அது. இதை விளக்க நோர்வேக்காரர் ஒருவரே போதும். சோல்வ சுண்ட்ஸ்பூ நிக் நைற்றிடம் உதவியாளராக இருந்து வளர்ந்த ஒளிப்படக் கலைஞர். 2011இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் அலெக்சாண்டர் மக்குயீனுக்கு எடுத்த கண்காட்சியின் நூலுக்கு அவர்தான் படம் எடுத்தார். பொம்மைகளுக்கு உடுத்திப் படம் பிடித்தது போலத்தான் அவை தெரியும். உண்மையில் அங்கே நின்றவர்கள் உயிருள்ள மொடல்கள். உடம்பெங்கும் வெள்ளைச் சாயம் பூசி, மூட்டுகளில் பொம்மையின் இணைப்புக் கோடுகள் தெரியச் செய்து, பிறகு கணினியில் தலையை நீக்கினார்கள். இங்கே திருத்தம் யாரையும் வடிவாக்கவில்லை. இறந்துபோன ஒரு கலைஞனின் உடுப்புகளுக்குள் இன்னும் ஓர் உயிர் நிற்கிறது என்ற உணர்வைத் தந்தது. திருத்தம் என்றாலே பெண்களை ஏமாற்றும் வேலை என்று நினைப்பவர்கள் அந்த நூலை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

உடம்பை உள்ளபடி காட்டாத கலை எங்களுக்குப் புதிதா? பெண்ணுக்கு இடை உண்டா இல்லையா என்று ஐயப்படுவது எங்கள் செய்யுள் மரபில் நூற்றாண்டுகளாகப் புழங்கி வரும் வழக்கம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுக்கப்பட்ட தாரா சிலை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த இடையும் அந்த மார்பும் எந்த உயிருள்ள பெண்ணின் அளவும் அல்ல. அதன் முன்னால் நின்று எந்தத் தமிழ்ப் பெண்ணும் தன் உடம்பை வெறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒஸ்லோவில் 2022இல் திறந்த புதிய தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால் அரச குடும்பத்து உடுப்புகளைக் காணலாம். மோட் அரசி சிறுத்த இடைக்குப் பெயர் போனவர், வேர்த் போன்ற பாரிஸ் தையலகங்களின் வாடிக்கையாளர். இறுக்குக் கச்சையின் காலத்து உடுப்புகள் அவை. தாய்மார் பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்து அந்தத் தையல் வேலையை வியந்து பார்க்கிறார்கள். அரச உடுப்புக்குக் கலை என்ற மதிப்பு உண்டு, உயிரோடிருக்கும் மொடலின் உடுப்புக்கு மட்டும் நோய்க்கிருமி என்ற பட்டம். இந்த வேறுபாட்டுக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அழகாக நிற்கும் பெண் தன்னைப் பெரிதாக நினைக்கிறாள் என்ற ஐயம் இந்த நாட்டில் ஆழமாக வேரோடியிருக்கிறது. உன்னை நீ பெரிதாக நினைக்காதே என்ற அந்த ஊர்ச் சட்டத்தை அக்சல் சாண்டமூச 1933இல் தன் நாவலில் எழுதியே வைத்துவிட்டார். சுப்பர்மொடல் மீதான கோபத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

இனி நிறத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே அதுதான்.

1997 நவம்பரில் அமெரிக்க எல் சஞ்சிகையின் அட்டையில் அலெக் வெக் வந்தார். தென் சூடானின் டிங்கா இனத்தவர். போரிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்த அகதிப் பிள்ளை. தெருச் சந்தையொன்றில் அவரைக் கண்டுபிடித்தார்கள். மிகக் கறுத்த தோல், ஒட்ட வெட்டிய முடி, அகன்ற முகம். அந்த இதழை நான் பிறகு ஒருநாள் பழைய சஞ்சிகைகளுக்கிடையில் கண்டேன். எங்களைப் போல ஓடிவந்த ஒருத்தி, என்னை விடவும் கறுத்தவள், உலகின் பெரிய சஞ்சிகையொன்றின் முகப்பில் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை கறுப்பு வடிவு என்று எனக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. அம்மா சொல்லவில்லை, ஊரிலிருந்து வந்த சினிமா சொல்லவில்லை, சொந்தக்காரர் ஒருவரும் சொல்லவில்லை. முதலில் சொன்னது அந்த அட்டை.

ஃபாஷன் உலகம் நல்லவர்களால் ஆனது என்று நான் வாதாட வரவில்லை. அங்கேயும் கறுத்தவர்களுக்குக் கதவுகள் மூடித்தான் இருந்தன. ஆனால் தட்டித் திறந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. 1966 மார்ச்சில் டொனியேல் லூனா பிரித்தானிய வோக் அட்டைக்கு வந்தார். 1974 ஓகஸ்டில் பெவர்லி ஜோன்சன் அமெரிக்க வோக் அட்டைக்கு வந்தார். 1988 ஓகஸ்டில் நயோமி கம்பெல் பாரிஸ் வோக் அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். அந்த இடத்தைத் தராவிட்டால் தன் விளம்பரங்களை நிறுத்திவிடுவேன் என்று வடிவமைப்பாளர் இவ் சன் லொரான் எச்சரித்ததால்தான் அது நடந்தது என்று நயோமியே சொல்லியிருக்கிறார். 2008 யூலையில் இத்தாலிய வோக்கின் ஆசிரியர் பிராங்கா சொட்சானி ஓர் இதழின் ஃபாஷன் பக்கங்கள் முழுவதையும் கறுப்பின மொடல்களுக்குக் கொடுத்தார். இதழ் விற்றுத் தீர்ந்து மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது.

இதே ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது? 1975இல் வந்த ஃபெயார் அன்ட் லவ்லி கிரீம் தன் பெயரை மாற்ற 2020 வரை எடுத்துக்கொண்டது. பெயர்தான் மாறியது. கறுத்த நாயகனுக்கு வெள்ளைத் தோல் நாயகியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரும் பழக்கம் தமிழ்ச் சினிமாவில் நின்றபாடில்லை. மணமகள் தேவை விளம்பரங்களில் நிறம் இன்னும் ஒரு தகைமை. ஊரிலிருந்து வரும் பயணப் பொதிக்குள் முறுக்கோடும் மிளகாய்த் தூளோடும் வெளுக்கும் கிரீமும் ஒஸ்லோவுக்கு வருகிறது.

ஈஸ்டர் விடுமுறைக்கு நோர்வேக் குடும்பங்கள் மலைக்குடில்களுக்குப் போவார்கள். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் முகம் பழுப்பாகித் திரும்பி வருவார்கள். வகுப்பில் அது பெருமை, யார் கூடப் பழுப்பு என்று கையை ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள். அந்த வகுப்பிலிருந்து வீடு திரும்பும் எங்கள் பெண் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? "ஏன் பிள்ளை இப்பிடிக் கறுத்துப் போனாய், வெயிலுக்கை நிக்காதை எண்டு சொன்னனான் எல்லே" என்ற வரவேற்பு. பிறகு கடலை மாவும் மஞ்சளும் குழைத்துப் பூசும் வேலை. அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றி யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாமி பேசுகிறார், பெரியம்மா பேசுகிறார், சாமத்திய வீட்டுக்கு வந்த முன்பின் தெரியாத ஒருவர் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து, "கொஞ்சம் மெலிஞ்சால் இன்னும் வடிவாயிருப்பாள்" என்கிறார். வோக் சஞ்சிகை அந்தப் பிள்ளையின் பெயர் சொல்லி ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை.

சாமத்திய வீட்டு அல்பத்தைத் திறந்தால் இன்னும் தெளிவாகும். என் சொந்தப் படங்களையே சொல்கிறேன். முகம் வெளுத்திருக்கிறது, கழுத்து ஒரு நிறம், கைகள் இன்னொரு நிறம். மூக்கின் நிழலைக்கூட அழித்திருக்கிறார்கள். படம் பிடித்தவர் மீது மட்டும் பழி போட மாட்டேன், பிள்ளையை வெள்ளையாக்கித் தாருங்கள் என்று கேட்டது எங்கள் வீடு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், நீ பெரியவளாகிவிட்டாய் என்று ஊரைக் கூட்டிக் கொண்டாடும் அதே நாளின் நினைவாக, நீ இந்த நிறத்தில் இருந்திருக்கக் கூடாது என்று சொல்லும் புத்தகமொன்றை அவள் கையில் கொடுக்கிறோம். அதை வரவேற்பறை மேசையில் வைத்து, வருகிற எல்லோருக்கும் காட்டுகிறோம். ஒரு பெண் பிள்ளையின் மனதை வருத்தும் திருத்தப்பட்ட படம் எது என்று என்னைக் கேட்டால், முதலில் அந்த அல்பத்தைத்தான் காட்டுவேன். வீட்டு அல்பத்தைச் சட்டம் தொடாது, தொடவும் கூடாது. ஆனால் நோர்வேயில் தொழில் செய்யும் ஒருவர் அதே படத்தைத் தன் தொழிலை விளம்பரப்படுத்தப் பொதுவெளியில் போட்டால், இந்தச் சட்டம் அவருக்கும் பொருந்தும். எங்கள் சமூகத்தில் அதைப் பற்றி யாரும் கதைப்பதாகத் தெரியவில்லை. பாரிஸ்காரரைத் திட்டுவது சுலபமாக இருக்கிறது.

மெலிவைப் பற்றிய குற்றச்சாட்டு இதை விடக் கனமானது. 2006 ஓகஸ்டில் உருகுவே மொடல் லூயிசல் ராமோஸ் மேடையில் நடந்துவிட்டு வந்து இறந்தார், வயது 22. அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டன் இறந்தார், வயது 21. இவர்களைக் கொன்றதில் ஃபாஷன் தொழிலுக்குப் பங்கு உண்டு. அதை நேசிப்பவர்கள் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் கவனியுங்கள், இறந்தவர்கள் படத்தைப் பார்த்தவர்கள் அல்லர், படத்தில் நின்றவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது தொழிலாளர் பாதுகாப்பு. மட்ரிட் அந்த ஆண்டு செப்டெம்பரிலேயே உடல் நிறைச் சுட்டெண் 18க்குக் குறைந்த மொடல்களை மேடையேற்ற மறுத்தது. பிரான்ஸ் 2017இல் மருத்துவச் சான்றிதழ் இல்லாத மொடலை வேலைக்கு அமர்த்தினால் 75,000 யூரோ வரை அபராதமும் ஆறு மாதச் சிறையும் என்று விதித்தது. அதே ஆண்டு லூயி விட்டோன், டியோர் முதலியவற்றின் உரிமையாளரான எல்விஎம்எச் நிறுவனமும் குச்சியின் உரிமையாளரான கெரிங் நிறுவனமும் பிரெஞ்சு அளவு 32ஐக் கைவிட்டன. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களின் உடுப்புகளைக் காட்டவும் தடை விதித்தன. இவை வேலைத்தலத்தைத் திருத்தும் நடவடிக்கைகள். பிரான்சின் சட்டத்தில் படக்குறிப்பும் இருந்தது, மொடலின் உடல்நலமும் இருந்தது. நோர்வேயின் திருத்தம் படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது, படத்தில் நிற்கும் பெண்ணைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அந்தப் பெண்ணை மனித உருவில் ஓர் உடுப்பு மாட்டும் கம்பி என்று நினைக்கிறவர்களுக்கு வட நோர்வேயின் ஹார்ஸ்டாட்டைச் சேர்ந்த ஈசலின் ஸ்தைரூவை நினைவுபடுத்துகிறேன். பிராடா, ஷனல் மேடைகளில் நடந்த முன்னணி மொடல். அதற்கிடையில் ஒஸ்லோவில் கட்டடக்கலை படித்தார். ஓர் உடுப்பின் தோள் எங்கே முடிகிறது, மடிப்பு எந்த அசைவில் விரிகிறது என்பதைத் தன் உடம்பால் படிக்கத் தெரிந்தவரே நல்ல மொடல். அது கற்ற தொழில்.

மேடையில் ஒரே உடம்புதான் நடக்கிறது என்பவர்கள் மேடைகளைப் பார்ப்பதில்லை. 1996 ஒக்டோபரில் வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ முதுகிலும் இடுப்பிலும் பஞ்சுப் புடைப்புகள் வைத்த உடுப்புகளைப் பாரிஸில் காட்டினார். அழகான உடம்பின் வரையறை எது என்ற கேள்வியை அவர் அளவுக்கு யாரும் நேராகக் கேட்டதில்லை. 1998 செப்டெம்பரில் மக்குயீன், இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே இல்லாத ஓட்ட வீராங்கனை ஏமி மலின்ஸை மேடைக்குக் கொண்டுவந்தார். மரத்தில் செதுக்கிய கால்களோடு அவர் நடந்தார். பார்த்த பலர் அவற்றை வேலைப்பாடுள்ள சப்பாத்து என்றே நினைத்தார்கள். போரில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் எங்கள் ஊரில்! அவர்களில் ஒருத்தியை அழகு என்று சொல்லி நடுமேடையில் நிறுத்திய தமிழ் நிகழ்ச்சி ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

மலிவு உடுப்பு, குப்பை மலை, சூழல் கேடு ஆகியவை தனி வழக்கு. 2021 ஓகஸ்டில் வோக் ஸ்கண்டினேவியா தன் முதல் அட்டையிலேயே சூழல் செயற்பாட்டாளர் கிரெட்டா துன்பேர்கை வைத்து அந்த வழக்கைத் தன் மீதே எடுத்துக்கொண்டது. அதை வேறொரு நாள் பேசலாம்.

ஒஸ்லோவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மகள் ஃபாஷன் சஞ்சிகை வாங்கினால் பறிக்காதீர்கள், பக்கத்தில் இருந்து சேர்ந்து பாருங்கள். எந்த உடுப்பு ஏன் பிடித்தது என்று கேளுங்கள். அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும். சாமத்திய வீட்டுக்குப் படம் பிடிக்க ஆளை ஒழுங்கு செய்யும்போது, முற்பணம் கொடுப்பதற்கு முதலே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: பிள்ளையின் நிறத்தில் கை வைக்க வேண்டாம்.